வீடு திரும்புமுன் நாயைப் பற்றியும் பேசிவிடுங்கள்
பயிற்சியாளருடன் முதல் ஆலோசனை காணொளி அழைப்பிலேயே போதுமா?

மருந்துச் சீட்டு, உணவு முறை, அடுத்து வரவேண்டிய தேதி ஆகிய எல்லாவற்றையும் கேட்டு முடித்து, வண்டி வாசலில் வந்து நின்ற பிறகு, உறவினர் ஒருவர் மட்டும் திரும்பி வந்து கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வீட்டில் நாய் இருக்கிறதே, அதை என்ன செய்வது?" செவிலியர்கள் இக்கேள்வியை நன்கு அறிவார்கள். பெரும்பாலும் அது கடைசிக் கேள்வியாகவே வருகிறது. அப்போது சொல்லக்கூடிய பதிலும் சுருக்கமாகவே அமைந்துவிடுகிறது: "கொஞ்ச நாள் கட்டிப் போடுங்கள்."

அந்தப் பதில் போதாது என்பதே எங்கள் எண்ணம். முன்பு கட்டாமல் வளர்ந்த நாயைத் திடீரென்று கட்டிப்போட்டால், அது இரவெல்லாம் குரைக்கிறது. நோயாளிக்கு உறக்கம் கெடுகிறது. நான்காம் நாள் யாரோ இரக்கப்பட்டு அவிழ்த்துவிடுகிறார்கள். பத்து நாள் காணாத எசமானரைக் கண்ட நாய் இரண்டு கால்களில் எழுந்து அவர்மீது பாய்கிறது. வாக்கரைப் பிடித்து நடக்கும் ஒருவருக்கு அந்த ஒரு பாய்ச்சல் மறுபடியும் அறுவை அரங்கிற்கு வழி காட்டிவிடலாம். இதற்கு அஞ்சியே சில குடும்பங்கள் நாயை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கிவிட்டு வருகின்றன. இவ்விரண்டு வழிகளுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று உண்டு. நோயாளி வீடு திரும்புவதற்குச் சில நாட்கள் முன்பே, நாய்ப் பயிற்சியாளர் ஒருவருடன் காணொளி அழைப்பில் ஒரு மணி நேரம் பேசுவதே அது.

எங்களிடம் சிகிச்சைக்கு வருவோரில் ஊர்ப்புறத்தினரே மிகுதி. கொடும்பாளூரை எடுத்துக்கொள்வோம். திருச்சி–மதுரை நெடுஞ்சாலையில், விராலிமலையைத் தாண்டினால் வரும் ஊர். மூவர் கோயிலைக் காண வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஆனால் நாய்க்குப் பயிற்சி அளிக்க ஒருவரை அழைத்துவர வேண்டுமானால் 40 கி.மீ. அளவு தொலைவிலுள்ள திருச்சிக்கோ, அதற்கும் அப்பால் மதுரைக்கோ சொல்லி அனுப்ப வேண்டும். போக்குவரத்துச் செலவும் கட்டணமும் சேர்ந்து, ஏற்கெனவே மருத்துவச் செலவில் இருக்கும் குடும்பத்திற்குப் பெருஞ்சுமையாகிவிடும். கைபேசியோ அநேகமாக எல்லா வீட்டிலும் இருக்கிறது.

நேரில் வருவதைவிட மேலான ஓரிடம்

தொலைவில் இருப்பதால் வேறு வழியின்றிச் செய்யும் இரண்டாந்தர ஏற்பாடு என்று காணொளி ஆலோசனையை நினைப்பவர்கள் உண்டு. முதல் ஆலோசனையைப் பொறுத்தவரை அது முழுவதும் சரியன்று. முன்பின் அறியாத ஒருவர் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது நாய் தன் இயல்பில் இருப்பதில்லை. ஒன்று விடாமல் குரைக்கும். அல்லது கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். பயிற்சியாளர் காண்பது தம்மைக் கண்டு மிரண்ட நாயை. வீட்டாரோடு பழகும் நாயை அன்று. கைபேசித் திரையில் தெரியும் பயிற்சியாளரை நாய் ஒரு பொருட்டாகவே கருதுவதில்லை. அது வழக்கம்போலத் திண்ணையில் படுத்திருக்கிறது, வழக்கம்போல யார் எழுந்தாலும் பின்னால் போகிறது, வழக்கம்போல அடுப்படி வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறது. தெரிந்துகொள்ள வேண்டியதும் அதுவே.

இன்னொன்றும் உண்டு. முதல் சந்திப்பில் நாய்க்கு எதுவும் கற்பிக்கப்படுவதில்லை. அந்த ஒரு மணி நேரமும் கேள்விகளும் பதில்களும்தாம். யார் சோறு வைக்கிறார், எங்கே உறங்குகிறது, எப்போது உறுமும், யாருக்கு அடங்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை அனைத்தும் மனிதர்களிடம்தான் இருக்கின்றன. நாய்ப் பயிற்சி என்று பெயரே தவிர, பயிற்சி பெறுவது பெரும்பகுதி நாமே.

மருத்துவத்தில் இந்த அனுபவம் புதிதன்று. சென்னையிலிருந்த அப்பல்லோ மருத்துவமனை, ஆந்திரத்தின் ஆரகொண்டா கிராமத்தைத் தொலைமருத்துவத்தின் வழியே 2000-ஆம் ஆண்டிலேயே இணைத்தது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மார்ச் 25 அன்று, தொலைமருத்துவத்திற்கான நடைமுறை வழிகாட்டுதல்கள் இந்தியாவில் வெளியாயின. அடுத்த மாதமே இ-சஞ்சீவனி வழியாக வீட்டிலிருந்தபடி மருத்துவரைக் காணும் ஏற்பாடும் வந்தது. நம் வாசகர்களில் பலர் அதைப் பயன்படுத்தியிருப்பீர்கள். அவ்வழிகாட்டுதல்களில் உள்ள ஒரு நெறி இங்கும் பொருந்தும். திரைவழிப் பார்வை போதுமா, நேரில் காண வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு ஆலோசனை தருபவருடையது. நோயாளி வற்புறுத்துகிறார் என்பதற்காக மருத்துவர் இணங்கிவிடக் கூடாது. நல்ல நாய்ப் பயிற்சியாளரும் அவ்வாறே, "இதை நான் நேரில் பார்க்காமல் சொல்ல மாட்டேன்" என்று சொல்லத் தயங்காதவராக இருப்பார்.

அழைப்புக்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

பயிற்சியாளரை அழைப்பதற்கு முன்பு, உங்கள் மருத்துவரிடமோ வார்டு செவிலியரிடமோ சில செய்திகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். நாய் எவ்வளவு நெருங்கலாம், எத்தனை நாள் விலகியிருக்க வேண்டும் என்பதைப் பயிற்சியாளர் முடிவு செய்ய இயலாது. அது நோயைப் பொறுத்தது.

இடுப்பு எலும்பு முறிவு, மூட்டு மாற்று அறுவை, பக்கவாதம் ஆகியவற்றிற்குப் பின் முதன்மையான அச்சம் கீழே விழுவதே. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2009-இல் வெளியிட்ட கணக்கின்படி, அந்நாட்டில் நாய், பூனை காரணமாகக் கீழே விழுந்து அவசர சிகிச்சைக்கு வந்த காயங்கள் ஆண்டுக்குச் சுமார் 86,000. அவற்றில் பத்துக்கு ஒன்பது என்னும் அளவுக்கு நெருக்கமானவை நாய்களால் நேர்ந்தவை. கடித்ததால் வந்தவை அல்ல. காலுக்குக் குறுக்கே வந்ததாலும் இழுத்ததாலும் தடுக்கியதாலும் வந்தவை. அன்புள்ள நாயும் ஆளைத் தள்ளிவிடும்.

இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்வோருக்குச் சிறு நகக்கீறல்கூட நெடுநேரம் கசியும். சிறுநீரகச் சுத்திகரிப்புக்காகக் கையில் ஃபிஸ்டுலா வைத்திருப்போர் அந்தக் கைப்பக்கம் நாய் தாவாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். வயிற்றின் வழியே சுத்திகரிப்புச் செய்துகொள்வோர், திரவம் மாற்றும் அறைக்குள் எந்தப் பிராணியையும் விடலாகாது. கீமோ சிகிச்சையில் இருப்போரும், மண்ணீரல் அகற்றப்பட்டோரும் தனிக் கவனத்திற்குரியவர்கள். நாயின் வாயில் இயல்பாக வாழும் சில நுண்ணுயிரிகள் மற்றவருக்குத் தீங்கு செய்யாதவை. மண்ணீரல் இல்லாதவருக்கோ அவை உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஊர்ப்புறங்களில் இன்றும் வழங்கும் ஒரு நம்பிக்கையை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். நாய் தன் புண்ணைத் தானே நக்கி ஆற்றிக்கொள்கிறது, ஆகவே நம் புண்ணை நக்கினாலும் ஆறும் என்று பெரியவர்கள் சிலர் கருதுகிறார்கள். ஆறாது. தையல் போட்ட இடத்தையோ சர்க்கரை நோயாளியின் கால் புண்ணையோ நாய் நக்க விடவே கூடாது. கிழிந்த தோலின்மீது வெறிநோயுள்ள விலங்கின் உமிழ்நீர் படுவது, ஆழமான கடிக்கு நிகராக வைத்து எண்ணப்படும் தொடர்பாகும்.

இவற்றையெல்லாம் கேட்டறிந்த பின், பயிற்சியாளரிடம் நோயின் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. "ஆறு வாரம் வாக்கருடன் நடப்பார், குனிய இயலாது, இடக் கையில் எதுவும் படக் கூடாது" என்னும் அளவே போதும். டிஸ்சார்ஜ் அறிக்கையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கம் பரவியிருக்கிறது. பயிற்சியாளருக்கு அது தேவையற்றது, அனுப்பாதீர்கள்.

அந்த ஒரு மணி நேரம்

அழைப்புக்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களில், அரை நிமிட அளவிலான சில காணொளித் துண்டுகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாய் உண்ணும்போது, வீட்டார் வெளியிலிருந்து உள்ளே வரும்போது, வாசலில் ஆள் கூப்பிடும்போது, இரவில் படுக்கும்போது அது என்ன செய்கிறது என்பது போதும். "கடிக்க வரும் காட்சி" வேண்டும் என்று அதன் சோற்றுத் தட்டைப் பிடுங்கி ஆத்திரமூட்டிப் படமெடுக்காதீர்கள். அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் பயிற்சியாளருக்கு ஒரு பயனும் இல்லை. எடுப்பவர் கைக்குக் காயமே மிச்சம்.

பேசுவதற்குப் பகல் வெளிச்சம் உள்ள நேரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஓட்டு வீடுகளில் மாலை ஐந்து மணிக்குமேல் உள்ளே எதுவும் தெளிவாகத் தெரியாது. கைபேசியைக் கையில் பிடித்திருக்காமல், ஒரு குடத்தின்மீதோ அலமாரியிலோ சாய்த்து வைத்தால் காட்சி ஆடாது. சிக்னல் முற்றத்தில் மட்டுமே கிடைக்கும் வீடாக இருந்தால், வீட்டின் உட்புறத்தை முன்பே படமெடுத்து அனுப்பிவிட்டு முற்றத்தில் அமர்ந்து பேசலாம். ஒலிபெருக்கியில் வரும் அந்நியக் குரல் கேட்டுச் சில நாய்கள் குரைக்கும். அதற்கு ஹெட்போன் வைத்துக்கொள்வது நல்லது.

யார் உட்கார வேண்டும் என்பதே எல்லாவற்றிலும் முக்கியமானது. நாய்க்கு நாள்தோறும் சோறு வைப்பவர் இருக்க வேண்டும். நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் இருக்க வேண்டும். பல வீடுகளில் இந்த இருவரும் ஒருவரே. பெரும்பாலும் மருமகளோ மகளோ. ஆயினும் பேசுவதென்னவோ சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்து இணையும் மகன்தான். அவர் சேர்வதில் தவறில்லை. காணொளி அழைப்பின் வசதியே அதுதான். ஆனால் ஈராண்டுக்கு ஒருமுறை ஊருக்கு வருபவரின் நினைவிலுள்ள நாய் வேறு, இன்று திண்ணையில் கிடக்கும் நாய் வேறு. பயிற்சியாளரின் கேள்விக்கு விடை தெரிந்தவரைப் பேச விடுங்கள். இயலுமாயின் மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே நோயாளியும் சில நிமிடம் இணையலாம். அறையில் உள்ள மற்ற நோயாளிகளின் முகம் திரையில் விழாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவே எங்கள் நிபந்தனை.

பிறகு கைபேசியை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிக் காட்டுங்கள். வாசற்படி, நோயாளி படுக்கப்போகும் அறை, அங்கிருந்து கழிவறைக்குப் போகும் வழி, நாய் படுக்கும் இடம், அதைக் கட்டும் இடம், தண்ணீர் வைக்கும் சட்டி என ஒவ்வொன்றும் தெரிய வேண்டும். பல சிக்கல்கள் இந்தச் சுற்றிலேயே தீர்ந்துவிடும். நாய் நெடுங்காலமாகப் படுக்கும் இடம், நோயாளி இரவில் கழிவறைக்குப் போகும் வழியிலேயே இருப்பது கண்ணில் படும். வீட்டார் பத்தாண்டுகளாகத் தாண்டித் தாண்டிப் பழகியதால் அது அவர்களுக்குத் தெரிந்திராது.

பயிற்சியாளர் கேட்பவற்றுள் இரண்டு கேள்விகளுக்கு ஒளிவுமறைவின்றி விடை சொல்லுங்கள். இதுவரை யாரையேனும் கடித்திருக்கிறதா? வெறிநோய்த் தடுப்பூசி கடைசியாக எப்போது போடப்பட்டது? "சும்மா பல் பட்டது" என்று மழுப்ப வேண்டாம். பல் பட்டிருந்தால் அது கடிதான். தடுப்பூசியைக் குட்டிக்கு மூன்று மாத வயதில் தொடங்கிப் பின்னர் ஆண்டுதோறும் போட்டு வர வேண்டும். "குட்டியில் ஒருமுறை போட்டோம்" என்பது போட்டதாகாது. இந்த விடை வந்தவுடன் நல்ல பயிற்சியாளர் பேச்சை நிறுத்தி, முதலில் கால்நடை மருந்தகத்திற்குப் போய் ஊசி போட்டுவிட்டு வாருங்கள் என்பார்.

சாதுவாக இருந்த நாய் அண்மையில் சிடுசிடுக்கத் தொடங்கியிருந்தாலும் அப்படியே. காதுக்குள் சீழ், பல்வலி, மூட்டுவலி, உண்ணியால் வரும் காய்ச்சல் ஆகிய எதுவாகவும் இருக்கலாம். வலியில் இருக்கும் நாய்க்குப் பயிற்சி மருந்தாகாது.

நாய் பேசும் மொழி

காணொளியில் பயிற்சியாளர் நமக்குச் சுட்டிக்காட்டும் குறிப்புகள் வியப்பூட்டுபவை. வாலை ஆட்டினால் நட்பு என்று நாம் எண்ணுகிறோம். உடல் விறைத்திருக்க, வால் மட்டும் உயர்ந்து விறுவிறுவென்று ஆடினால் அது நட்பாக இருக்க வேண்டியதில்லை. உறக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடுவது, உணவு இல்லாதபோது உதட்டை நக்குவது, முகத்தை அப்பால் திருப்புவது, கண்ணின் வெள்ளைப் பகுதி தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது எல்லாம், "எனக்கு இது பிடிக்கவில்லை, விலகிப் போ" என்பதன் முதல் வடிவங்கள். அவற்றைக் கவனிக்காவிட்டால் அடுத்தது உறுமல். உறுமியதற்காக அடித்தால் நாய் உறுமுவதைத்தான் நிறுத்தும், வெறுப்பை நிறுத்தாது. பின்னர் ஒருநாள் எச்சரிக்கை ஏதுமின்றிக் கடிக்கும். "ஒன்றுமே செய்யாமல் திடீரென்று கடித்துவிட்டது" என்று அவசர சிகிச்சைப் பிரிவில் நாங்கள் கேட்கும் கதைகளில் பல, இப்படி அடித்து அடக்கப்பட்ட உறுமல்களின் கதைகளே என்று கருதுகிறோம்.

வீடு திரும்பும் நாளுக்கான ஏற்பாடு இதிலிருந்தே பிறக்கிறது. வாக்கரையோ சக்கர நாற்காலியையோ நோயாளி வருவதற்கு நான்கைந்து நாள் முன்பே வீட்டிற்குக் கொண்டுபோய்விடுங்கள். நாய் முகர்ந்து பார்க்கட்டும். அதன் அருகில் ஒரு துண்டு வேகவைத்த முட்டையோ கோழியோ போடுங்கள். வீட்டில் ஒருவர் அந்த வாக்கரைப் பிடித்து "டொக், டொக்" என்று நடந்து காட்டட்டும். நாய் விலகிப் படுத்திருக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு கிடைக்கட்டும். ஒரு பழைய சாக்கையோ பாயையோ விரித்து, "இடத்துக்குப் போ" என்றால் அங்கே போய்ப் படுக்கப் பழக்குவது ஒரு வாரத்தில் தொடங்கிவிடக்கூடிய பாடம். நாட்டு நாய்க்கு இதெல்லாம் வராது என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். இராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கற்பதைத் தெருவில் எடுத்து வளர்த்த நாயும் கற்கும்; சில வேளைகளில் அவற்றினும் விரைவாக.

வரும் நாளன்று, வண்டி வருவதற்குச் சற்றுமுன் யாரேனும் ஒருவர் நாயை வயல் பக்கமோ கண்மாய்க் கரைப் பக்கமோ நடத்திக்கொண்டு போகட்டும். நோயாளி உள்ளே வந்து, அமர்ந்து, தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கி முடிக்கட்டும். அதன் பிறகு, களைத்த நாயைக் கயிற்றில் பிடித்தபடி உள்ளே அழைத்து வாருங்கள். நோயாளி உட்கார்ந்தே இருக்கட்டும். நான்கு கால்களும் தரையில் இருந்தால் தடவிக் கொடுக்கலாம். எழும்பினால் கயிறு பிடித்தவர் இரண்டடி பின்வாங்க வேண்டும். வையவோ அடக்கவோ தேவையில்லை. பத்து நிமிடம் போதும். தடவியவர் கையைக் கழுவிக்கொள்ள வேண்டும்.

யாரை அழைப்பது

மருத்துவருக்கும் கால்நடை மருத்துவருக்கும் மன்றப் பதிவு உண்டு. நாய்ப் பயிற்சியாளருக்கு அப்படியொரு மன்றம் இல்லை. ஆகவே விசாரித்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் கால்நடை மருத்துவரிடமே பெயர் கேட்பது நல்லது. கட்டணம் எவ்வளவு, அடுத்த அழைப்புகளுக்குத் தனிக் கட்டணமா என்பதை முன்னரே பேசிக்கொள்ளுங்கள். "நாய் தவறு செய்தால் என்ன செய்வீர்கள்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். முள் பட்டை, கழுத்தை இறுக்கும் சங்கிலி, மின்னதிர்வுப் பட்டை, "யார் எசமான் என்று காட்ட வேண்டும்" என்று விடை வந்தால் நன்றி கூறி அழைப்பை முடித்துக்கொள்ளலாம். விலங்கு நடத்தையியலுக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2021-இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், எல்லா நாய்ப் பயிற்சிக்கும் பரிசளித்துக் கற்பிக்கும் முறையையே பரிந்துரைத்திருக்கிறது. ஏழே நாளில் அடங்கும் என்று உறுதி தருபவரையும் தவிர்த்துவிடுங்கள்.

அழைப்பின் முடிவில் பயிற்சியாளர், "இந்த வீட்டில், இந்த நிலையில், நாயைச் சில மாதம் உறவினர் வீட்டில் விடுவதே நல்லது" என்று சொல்லக்கூடும். அதைத் தோல்வியாகக் கொள்ள வேண்டாம். தனியாக வாழும் முதியவர், அடக்க இயலாத பெரிய நாய், உதவிக்கு ஆளில்லை என்னும்போது அதுவே நேர்மையான அறிவுரை. ஆனால் அறிந்தவர் வீட்டில் சொல்லி விடுவது வேறு, சாலையில் இறக்கிவிடுவது வேறு. பசி தாகத்தால் வருந்தும்படி பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பிரிவு 11-இன்படி குற்றம். நாயை எந்நேரமும் சங்கிலியில் கட்டிவைத்து, நடைப்பயிற்சியே தராமல் விடுவதையும் அதே பிரிவு குற்றமாகச் சொல்கிறது. ஆகவே "கட்டிப் போடுங்கள்" என்னும் அறிவுரையும் சட்டத்தின் பார்வையில் முழுமையானதன்று.

இந்த மண்ணுக்கு நாய் அந்நியமும் அன்று. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், ஏழாம் நூற்றாண்டு மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில் வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்று அதன் பெயரும் கல்லில் இருக்கிறது. கள்வரைக் கடித்துக் காவல் நின்றதற்காகக் கிடைத்த சிறப்பு அது. தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வெளிவந்ததும் பேரனைக் கேட்பதற்கு முன்பே "அதுக்குச் சோறு வெச்சீங்களா?" என்று நாயைக் கேட்கும் முதியவர்களை எங்கள் செவிலியர்கள் அறிவார்கள்.

காணொளி அழைப்பு கூடாத வேளை

நாய் கடித்துவிட்டாலோ, நகம் பட்டு இரத்தம் வந்தாலோ, புண்ணை நக்கினாலோ அப்போது பயிற்சியாளரையும் அழைக்க வேண்டாம், எந்தக் காணொளியையும் தேட வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் காயத்தைப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். பதினைந்து நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீண்டது. மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் வைக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். வெறிநோய்த் தடுப்பூசி அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசமாகப் போடப்படுகிறது. தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28-ஆம் நாட்களிலும், தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28-ஆம் நாட்களிலும் போட வேண்டும். முதல் ஊசி போடும் நாளே 0. காயம் ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படும். வளர்ப்பு நாய்தானே, ஊசி போட்ட நாய்தானே என்று வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளாதீர்கள். நாயைப் பத்து நாள் கண்காணிப்பது நடந்துகொண்டே இருக்கட்டும். அது முடியும்வரை சிகிச்சையைத் தள்ளிப் போடலாகாது. மனிதரிடம் வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் ஏறக்குறைய எவரையும் காப்பாற்ற இயலாது.

முன்பு கடித்த நாயும், குழந்தையைக் கண்டு உறுமும் நாயும் இருக்கும் வீட்டில் முதல் ஆலோசனையே நேரில்தான் நடக்க வேண்டும். அங்கே காணொளி அழைப்பு, நேரில் வருபவர் வரும்வரை நாயையும் நோயாளியையும் எப்படித் தனித்தனியே வைப்பது என்று கேட்டுக்கொள்வதற்கு மட்டுமே உதவும்.

டிஸ்சார்ஜ் தேதி உத்தேசமாகத் தெரிந்த அன்றே, "வீட்டில் நாய் இருக்கிறது" என்று வார்டு செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் நோய்க்கு ஏற்ற கட்டுப்பாடுகளை மருத்துவரிடம் கேட்டுத் தாளில் எழுதித் தருவார். வீடு திரும்பி மூன்றாம் நாளோ நான்காம் நாளோ பயிற்சியாளருடன் இரண்டாவது அழைப்பை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு, நோயாளி கழிவறைக்கு நடந்துபோகும்போது நாய் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டும் அரை நிமிடக் காட்சி ஒன்றை எடுத்து வைத்தால் போதும்.